வந்தாயிற்று என்று யாரிடம் சொல்வது?



இன்றைக்கு எடுத்துக்கொண்ட பொருள் பார்வைக்குச் சிறியது. அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் மாணவர் அங்கே இறங்கியதும், தம் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் தாம் வந்துவிட்டதைப் பதிவு செய்ய வேண்டும். இமிகிரேஷன் செக்-இன் என்பார்கள். சில இடங்களில் இணையப் படிவம் ஒன்றை நிரப்பினால் வேலை முடிந்தது. சில இடங்களில் பாஸ்போர்ட்டோடு நேரில் போய் வரிசையில் நிற்க வேண்டும். எப்படிச் செய்தாலும் பெரிய வேலை என்று சொல்ல முடியாது.

இதற்கு ஒரு சொற்பொழிவா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

2024-25 கல்வியாண்டில் அமெரிக்கக் கல்லூரிகளில் கணக்கிடப்பட்ட இந்திய மாணவர்கள் 3,63,019 பேர். உலகின் வேறெந்த நாட்டிலிருந்தும் அவ்வளவு பேர் அங்கே போகவில்லை. ஒவ்வொருவருக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் இருக்கிறது. தேர்வு மதிப்பெண், கல்விக் கடன், சென்னை அண்ணா சாலையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் வாசலில் காத்திருப்பு என்று ஓராண்டாவது பாடுபட்டிருக்கும். விசா ஒட்டிய பாஸ்போர்ட் வீட்டுக்கு வந்த அன்று இனிப்பு வாங்குகிறார்கள். குடியேற்றச் சட்டத்தின் வேலை அதோடு தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

தீர்ந்ததா? இல்லை. விசா என்பது அந்த நாட்டின் வாசல் வரை போய் உள்ளே வரலாமா என்று கேட்பதற்கான அனுமதி. உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரி முடிவு செய்கிறார். உள்ளே வந்தவர் படிக்கத்தான் வந்தார் என்பதைப் பல்கலைக்கழகத்தின் பதிவு உறுதி செய்கிறது. அந்தப் பதிவு விழும் வரை, சட்டத்தின் கணக்கில் மாணவர் இன்னும் வந்து சேரவில்லை.

எப்படி என்று பார்ப்போம். ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். முதுகலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பல்கலைக்கழகம் ஐ-20 என்ற படிவத்தை அனுப்பியிருக்கிறது. அதன் தலைப்பில் செவிஸ் எண் ஒன்று இருக்கும். செவிஸ் என்பது அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை நடத்தும் கணினி ஏடு. படிக்க வரும் ஒவ்வொரு அயல்நாட்டவருக்கும் அதில் தனிப் பதிவு உண்டு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவர் அந்தப் பதிவுக்காகவே 350 டாலர் தனியே கட்டுகிறார். விசாக் கட்டணம் வேறு, இது வேறு. 2019 ஜூன் வரை 200 டாலராக இருந்தது.

அந்த ஐ-20 படிவத்தில் படிப்பு தொடங்கும் தேதி அச்சாகியிருக்கும். ஆகஸ்ட் 20 என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 30 நாள் முன்பு, அதாவது ஜூலை 21-க்கு முன்பு, மாணவியாக அந்த நாட்டுக்குள் நுழைய முடியாது. சித்தி வீடு நியூஜெர்சியில் இருக்கிறது, ஜூன் மாதமே போய் ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்றால் நடக்காது. தாமதமாகப் போகலாமா? விசா கிடைக்கத் தாமதமாகி ஆகஸ்ட் 20 கடந்துவிட்டால், பல்கலைக்கழகத்துக்கு எழுதி, தேதியை மாற்றிய புதிய ஐ-20 வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். பழைய தேதியோடு போய் நின்றால் அதிகாரி திருப்பி அனுப்பவும் கூடும்.

இன்னொன்று. இந்தக் காகிதங்கள் எந்தப் பையில் இருக்க வேண்டும்? கைப்பையில். அம்மா பத்திரமாக இருக்கட்டும் என்று பெரிய பெட்டியின் அடியில், புடவைகளுக்கு நடுவே வைத்துவிடுவார். ஆனால் குடியேற்றச் சோதனை முடிந்த பிறகுதான் பெட்டி கைக்கு வரும். அபுதாபி வழியாகப் போகிறவர்களுக்கு இன்னும் ஒரு செய்தி: அங்கே 2014 முதல் அமெரிக்க அதிகாரிகளே உட்கார்ந்து, விமானம் ஏறுவதற்கு முன்பே அந்தச் சோதனையை முடித்துவிடுகிறார்கள். காகிதத்தை எடுக்க வேண்டிய இடம் நியூயார்க் என்று நினைத்திருந்தால், அது பாலைவனத்து விமான நிலையமாக இருக்கும்.

காகிதம் குறைந்தால் என்ன ஆகும்? எப்போதும் திருப்பி அனுப்பிவிடுவதில்லை. ஐ-515ஏ என்ற தாளைக் கொடுத்து, 30 நாளுக்கு மட்டும் உள்ளே விடும் வழக்கம் உண்டு. அந்த 30 நாளுக்குள் விடுபட்ட ஆவணத்தை உரிய அலுவலகத்துக்கு அனுப்பித் தீர்க்க வேண்டும். அந்தத் தாளோடு வந்தவர் முதலில் ஓட வேண்டிய இடம் எது? பல்கலைக்கழகத்தின் செக்-இன் மேசை. கடையில் சிம் கார்டு வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

சரி, காகிதம் எல்லாம் சரியாக இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகம், என்ன படிப்பு, யார் செலவு என்று மூன்று கேள்வி. கைரேகை. முடிந்தது. அப்போது ஐ-94 என்ற வருகைப் பதிவு உருவாகிறது. முன்பு அது பாஸ்போர்ட்டில் செருகித் தரும் வெள்ளை அட்டை. 2013 முதல் விமானத்திலும் கப்பலிலும் வருகிறவர்களுக்கு அட்டை கிடையாது. கணினியில் பதிந்துவிடுகிறார்கள், மாணவரே இணையத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் இரண்டு இடங்களை உடனே பார்க்க வேண்டும். வகை எஃப்-1 என்று இருக்கிறதா? தங்கும் காலம் என்ற இடத்தில் டி/எஸ் என்று இருக்கிறதா? படிப்பு ஒழுங்காக நடக்கும் வரை தங்கலாம் என்று அதற்குப் பொருள். சுற்றுலா வகை என்று தவறாக விழுந்திருந்தால்? கண்டுபிடிக்கும் இடம் செக்-இன் மேசை. தானே பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.

நம் மாணவி விடுதிக்குப் போய்விட்டாள். வீட்டுக்கு வீடியோ அழைப்பு போட்டு அறையைக் காட்டிவிட்டாள். ஆனால் சட்டத்தின் கணக்கில் அவள் இன்னும் வந்து சேரவில்லை. செவிஸ் ஏட்டில் அவள் பெயருக்கு நேரே இனிஷியல் என்று இருக்கிறது. புதிதாக வரவேண்டியவர் என்பதோடு அது நிற்கிறது. பல்கலைக்கழக அலுவலர் அதை ஆக்டிவ் என்று மாற்ற வேண்டும். படிப்பு தொடங்கும் தேதியிலிருந்து 30 நாளுக்குள் அவர் அதைச் செய்தாக வேண்டும். அதற்கு அவருக்கு மூன்று செய்திகள் வேண்டும்: மாணவி வந்துவிட்டாள், இந்த முகவரியில் இருக்கிறாள், முழுநேரப் படிப்புக்குப் பாடங்களை எடுத்திருக்கிறாள்.

முகவரி என்றால் தபால் பெட்டி எண் செல்லாது. ஆள் தூங்கி எழும் இடத்தின் முகவரி. முழுநேரம் என்றால் இளங்கலைக்குப் பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட். முதுகலைக்குப் பல்கலைக்கழகம் வகுத்தபடி. அந்தக் கணக்கில் இணையவழிப் பாடம் பருவத்துக்கு ஒன்றுதான் சேரும். எல்லாப் பாடத்தையும் அறையில் இருந்தே படிக்கிறேன் என்றால், அதற்கு அமெரிக்கா வர வேண்டியதில்லையே என்கிறது சட்டம்.

பதிவு விழவில்லை என்றால்? வரவில்லை என்று குறித்து ஏட்டை மூட வேண்டியிருக்கும். ஆள் நூலகத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள். ஏடு அவள் வரவே இல்லை என்று சொல்லும். எதை நம்புவார்கள்? ஏட்டைத்தான்.

மூடும் வரை போக வேண்டாம். பதிவு தாமதமானாலே மற்ற கதவுகள் திறக்காது. வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம் என்று விதி இருக்கிறது. சம்பளம் வாங்க சமூகப் பாதுகாப்பு எண் வேண்டும். அந்த அலுவலகம் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஓட்டுநர் உரிமம் கேட்டாலும் அதே ஒப்பீடு. பல பல்கலைக்கழகங்கள் செக்-இன் முடியாதவரின் பாடப் பதிவையே நிறுத்தி வைத்துவிடும். ஒன்றைப் பிடித்து ஒன்று தொங்குகிறது. எல்லாம் அந்த முதல் பதிவில் தொங்குகிறது.

இங்கே தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். நம் பெயர்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால், சொந்தப் பெயர் பின்னால். பள்ளிச் சான்றிதழில் 'மு. கயல்விழி'. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டு, கயல்விழி என்று ஒரே பெயர். அமெரிக்க விசாவில் அந்த ஒரே பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போகும். முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று மூன்று எழுத்து விழும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். செவிஸ் ஏட்டில் முதற்பெயரைக் காலியாகவே விடலாம். ஆக, பள்ளியில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், விசாவில் ஒரு பெயர், ஐ-20 படிவத்தில் இன்னொரு வடிவம். ஒரே ஆள்தான், கணினிக்குத் தெரியுமா?

ஒப்பீடு தோற்றால், உரிமம் வாங்கும் இடத்தில் திருப்பி அனுப்புவார்கள். சில மாணவர்களின் மின்னஞ்சல் முகவரிகூட அந்த மூன்று எழுத்தில் தொடங்கும். இதைச் சரிசெய்யும் வேளையும் செக்-இன் வேளைதான். ஐ-20, ஐ-94, பாஸ்போர்ட் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்து, வேறுபாடு இருந்தால் அன்றைக்கே அலுவலரிடம் சொல்லிவிட வேண்டும். இன்னும் பாஸ்போர்ட்டே எடுக்காத இளையவர்கள் இந்த அவையில் இருந்தால், விண்ணப்பிக்கும்போதே பெயரை எப்படிப் பிரித்து எழுதுவது என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.

இவ்வளவு கெடுபிடி ஏன்? படிக்க வந்த பிள்ளைகளை ஓர் அரசு ஏன் இப்படி எண்ணிக்கொண்டே இருக்கிறது?

பலர் 2001 செப்டம்பர் 11-ஐச் சொல்வார்கள். அது பாதிதான் சரி. இந்த எண்ணத்துக்கு வயது நூறு. 1924-இல் அமெரிக்கா இயற்றிய குடியேற்றச் சட்டம், மாணவராக வருகிறவருக்குக் குறைந்தது 15 வயது இருக்க வேண்டும், அரசு ஒப்புக்கொண்ட கல்விக்கூடத்தில் சேர வேண்டும் என்றது. அதோடு நிற்கவில்லை. மாணவர் படிப்பை நிறுத்தினால் அந்தக் கல்விக்கூடம் தொழிலாளர் துறை அமைச்சருக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்கத் தவறினால் ஒப்புதல் பறிபோகும் என்றும் எழுதியது. மாணவரை எண்ணும் வேலையைக் கல்லூரியின் தலையில் ஏற்றியது அன்றைக்கே நடந்துவிட்டது.

ஏற்றினார்கள், பிறகு மறந்தார்கள். மறந்தது எப்போது தெரிந்தது? 1979 நவம்பரில். தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. ஊழியர்கள் பணயக் கைதிகளானார்கள். அமெரிக்காவில் உள்ள ஈரானிய மாணவர்கள் அனைவரும் குடியேற்ற அலுவலகத்துக்கு நேரில் வந்து பதிய வேண்டும் என்று அதிபர் கார்ட்டரின் அரசு உத்தரவிட்டது. எத்தனை பேர்? ஐம்பதாயிரம் இருக்கலாம் என்றார்கள். சரியான கணக்கு அரசிடம் இல்லை. ஒரு மாதத்துக்குள் பாஸ்போர்ட்டையும் கல்லூரிக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். ஒரே நாட்டவரை மட்டும் இப்படி அழைப்பது செல்லாது என்று கீழ் நீதிமன்றம் சொன்னது. செல்லும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே டிசம்பரில் சொல்லிவிட்டது.

அதன் பிறகாவது ஏடு ஒழுங்காயிற்றா? 1993 பிப்ரவரி 26-இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் அடித்தளத்தில் குண்டு வெடித்து ஆறு பேர் இறந்தார்கள். வெடிபொருள் இருந்த வேனை ஓட்டிய ஜோர்டான் நாட்டவர், கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிக்க மாணவர் விசாவில் வந்து, பாதியில் நின்றவர். நின்றவர் எங்கே போனார் என்று எந்த ஏட்டிலும் இல்லை. 1996-இல் நாடாளுமன்றம் கணினிப் பதிவு வேண்டும் என்று சட்டம் செய்தது. தெற்கு மாநிலங்கள் சிலவற்றில் சோதனை ஓட்டம் நடந்தது. கல்வியாளர் அமைப்புகள் எதிர்த்தன. நாங்கள் பாடம் நடத்துகிறவர்கள், கண்காணிக்கிறவர்கள் இல்லை என்றார்கள். கட்டணத்தை யார் வசூலிப்பது என்றே சில ஆண்டுகள் ஓடின.

பிறகு வந்தது 2001 செப்டம்பர் 11 தாக்குதல். விமானங்களைக் கடத்திய பத்தொன்பது பேரில் ஒருவர் மாணவர் விசாவில் வந்தவர். 2000 டிசம்பரில் வந்தார். கலிபோர்னியாவில் ஆங்கில வகுப்பில் சேர்வதாகச் சொன்னார். வகுப்புக்கு ஒருநாளும் போகவில்லை. வரவேண்டிய மாணவர் வரவில்லையே என்று கேட்க யாருமில்லை. அதைவிடப் பெரிய தலைகுனிவு அடுத்த ஆண்டு நேர்ந்தது. 2002 மார்ச்சில், உலக வர்த்தக மையக் கோபுரங்கள் விழுந்து சரியாக ஆறு மாதம் கழித்து, புளோரிடா மாநிலம் வெனிஸ் நகரில் உள்ள விமான ஓட்டும் பள்ளிக்குக் குடியேற்றத் துறையிலிருந்து தபால் வந்தது. கடத்தல்காரர்களில் இருவர் மாணவராக இருக்க அனுமதி வழங்கப்பட்டது என்ற அறிவிப்பு அதில் இருந்தது. இறந்துபோன கொலைகாரர்களுக்குப் படிப்பு அனுமதி! உலகமே பார்த்த செய்தி அது.

அதற்குப் பிறகு எதிர்ப்பு நிற்குமா? 2003 ஜனவரி 30 முதல் செவிஸ் கட்டாயமாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்ட் 1-க்குள் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தவர்கள் பெயரும் அதில் ஏறியாக வேண்டும் என்றானது. இன்று மாணவர் நிற்கும் செக்-இன் வரிசை அன்றைக்குத் தொடங்கியது.

இந்த வழக்கம் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதா? இல்லை. ஜெர்மனியில் புது வீட்டுக்குக் குடிபோனவர் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். ஜெர்மானியரும் பதிய வேண்டும், நம் மாணவரும் பதிய வேண்டும். நம் நாட்டுக்கு நீண்டகால மாணவர் விசாவில் படிக்க வரும் அயல்நாட்டவர், வந்த 14 நாளுக்குள் அயல்நாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். சென்னையில் படிக்கும் ஆப்பிரிக்க மாணவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே பதிகிறவர் அரசு ஊழியர். அமெரிக்காவில் பதிகிறவர் பல்கலைக்கழக ஊழியர். அந்த வேறுபாட்டில்தான் மாணவர் கவனிக்க வேண்டியது இருக்கிறது.

அந்த ஊழியரை டி.எஸ்.ஓ. என்பார்கள். அமெரிக்கக் குடிமகனாகவோ நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். சம்பளம் பல்கலைக்கழகத்தில், எழுதும் ஏடு அரசுடையது. காலையில் வீட்டு ஏக்கத்தோடு வரும் மாணவருக்கு ஆறுதல் சொல்கிறார். பிற்பகலில் பாடத்தைக் கைவிட்ட மாணவரைப் பற்றி ஏட்டில் பதிகிறார். மாணவர் வீடு மாறினால் 10 நாளுக்குள் இவரிடம் சொல்ல வேண்டும். இவர் 21 நாளுக்குள் ஏட்டில் ஏற்ற வேண்டும். நண்பரா, காவலரா என்று கேட்டால், இரண்டும்தான்.

அப்படியானால் அவரைக் கண்டு ஒதுங்க வேண்டுமா? கூடாது. நேர்மாறாகச் செய்ய வேண்டும். ஏனென்றால் அவரால் முன்னதாகக் கொடுக்க முடிந்த பல சலுகைகளைப் பின்னால் கொடுக்க முடியாது. முதல் பருவத்தில் ஆங்கிலம் தடுமாறுகிறது, கற்பிக்கும் முறை பழகவில்லை, எடுத்த பாடம் தகுதிக்கு மீறியதாகிவிட்டது என்றால் பாடச் சுமையைக் குறைக்கச் சட்டமே இடம் தருகிறது. உடல்நலம் கெட்டால் மருத்துவர் கடிதத்தோடு இன்னும் குறைக்கலாம். ஒரே நிபந்தனை: பாடத்தைக் கைவிடுவதற்கு முன்பு அவருடைய அனுமதி ஏட்டில் ஏற வேண்டும். முதலில் கைவிட்டுவிட்டுப் பிறகு போய்ச் சொன்னால், அதே காரணம் விதிமீறலாகிவிடும். 2025 மே மாதம் இந்தியாவில் உள்ள அமெரிக்கத் தூதரகம் வெளியிட்ட எச்சரிக்கையும் இதையே சொன்னது: கல்விக்கூடத்துக்குத் தெரிவிக்காமல் படிப்பை விட்டாலோ வகுப்புக்குப் போகாமல் இருந்தாலோ விசா ரத்தாகலாம்.

பதிகிறவர் பல்கலைக்கழக ஊழியர் என்றால், பல்கலைக்கழகமே பொய்யாக இருந்தால்?

இருந்தது. கலிபோர்னியாவில் பிளசன்டன் என்ற ஊர். டிரை-வேலி என்று ஒரு பல்கலைக்கழகம். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள். பெரும்பாலோர் இந்தியர், அதிலும் ஆந்திரத்துப் பிள்ளைகள். பணம் கட்டினால் ஐ-20 வரும். வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. அரசு செவிஸ் ஏட்டைப் புரட்டிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது: மாணவர்களில் பாதிக்கு மேல் சன்னிவேல் நகரில் ஒரே அடுக்ககத்தின் ஒரே வீட்டில் குடியிருப்பதாகப் பதிவு! 2011 ஜனவரியில் சோதனை நடந்தது. சில மாணவர்களின் கணுக்காலில் கண்காணிப்புக் கருவியைப் பூட்டினார்கள். இந்திய அரசு கண்டித்தது. நிறுவனத்தை நடத்திய பெண்மணிக்கு 2014-இல் பதினாறரை ஆண்டுச் சிறை. ஏட்டில் எழுதிய முகவரிதான் காட்டிக்கொடுத்தது.

இதைவிட விசித்திரம் மிச்சிகனில் நடந்தது. ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று பெயர். இணையதளம் உண்டு, முத்திரை உண்டு, அரசின் ஒப்புதல் பட்டியலிலும் இடம் உண்டு. ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை. ஏன்? விசா மோசடிக்காரர்களைப் பிடிக்கக் குடியேற்றக் காவல் துறையே தொடங்கிய போலிப் பல்கலைக்கழகம் அது. சுமார் அறுநூறு பேர் சேர்ந்தார்கள், பெரும்பாலோர் இந்தியர். 2019 ஜனவரியில் ஆள் சேர்த்துவிட்ட எட்டுப் பேர்மீது வழக்கு விழுந்தது, மாணவர்கள் கைதானார்கள். தெரிந்தேதான் சேர்ந்தார்கள் என்றது அரசு. ஏமாற்றப்பட்டோம் என்றார்கள் மாணவர்கள். யார் சொன்னது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். வந்த முதல் வாரத்தில் நேரில் வரச் சொல்லாத, முகவரி கேட்காத, வகுப்பு அட்டவணை கொடுக்காத ஓர் இடம் என்றால் அங்கேயே மணி அடித்திருக்க வேண்டும். செக்-இன்னில் பல்கலைக்கழகம் மாணவரைச் சோதிக்கிறது. மாணவரும் பல்கலைக்கழகத்தைச் சோதிக்கலாம்.

ஏடு சரியாக இருந்து, அதைப் பார்க்க வேண்டியவர் பார்க்காமல் விட்ட கதையும் உண்டு. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது. குற்றவாளிகளில் ஒருவரின் நண்பரான கஜகஸ்தான் மாணவர், பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்ட பிறகும், அதே ஜனவரியில் மாணவர் விசாவைக் காட்டி நாட்டுக்குள் திரும்பியிருந்தார். செவிஸில் அவர் பெயர் மூடப்பட்டிருந்தது. ஆனால் முதல் கவுண்டரில் இருந்த அதிகாரியின் கணினியில் செவிஸ் தெரியாது. அதன் பிறகுதான், மாணவர் விசாவில் வரும் ஒவ்வொருவரின் நிலையையும் நுழைவிடத்திலேயே சரிபார்க்க உத்தரவு போனது. விடுமுறைக்கு ஊருக்கு வந்து திரும்பும் மாணவரின் பதிவு ஆக்டிவாக இருக்கிறதா என்று இன்றைக்கு அங்கேயே பார்த்துவிடுகிறார்கள்.

கடைசியாக, ஏடே தவறிய கதை. 2025 மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகள் திடீரென்று மூடப்பட்டன. மூடியது பல்கலைக்கழகம் இல்லை, அரசே மூடியது. மாணவருக்கும் சொல்லவில்லை, பல்கலைக்கழகத்துக்கும் சொல்லவில்லை. டி.எஸ்.ஓ.க்கள் கணினியைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. சுமார் 13 லட்சம் பெயர்களைக் குற்றப் பதிவுக் கணினியில் ஓட்டிப் பார்த்ததாகவும், ஏறக்குறைய 6,400 பெயர்கள் பொருந்தியதாகவும் அதிகாரிகள் நீதிமன்றத்தில் சொன்னார்கள். பொருந்தியவர்களில் போக்குவரத்து அபராதம் கட்டியவர்கள் இருந்தார்கள். வழக்கே தள்ளுபடியானவர்களும் இருந்தார்கள். பல மாநிலங்களில் வழக்குகள். நீதிபதிகள் அடுத்தடுத்துத் தடை விதித்தார்கள். ஏப்ரல் 25-இல் பதிவுகளைத் திரும்பத் திறப்பதாக அரசு ஒப்புக்கொண்டது.

அப்படி ஒரு நாள் வந்தால், தான் விதிப்படி வந்தேன், பதிந்தேன், படித்தேன் என்று காட்ட மாணவரிடம் என்ன இருக்கும்? இதற்குத்தான் ஒரு கோப்பு. முதல் ஐ-20 முதல் கடைசி ஐ-20 வரை ஒன்றையும் தூக்கிப் போடக் கூடாது. ஒவ்வொரு முறை நாட்டுக்குள் நுழையும்போதும் ஐ-94 அச்சு ஒன்று. செக்-இன் முடிந்தது என்று வந்த மின்னஞ்சல். முகவரி மாற்றத்தைத் தெரிவித்த தேதி. பாடச் சுமையைக் குறைக்க அனுமதித்த கடிதம். ஒரு பிரதி அங்கே, ஒரு பிரதி ஊரில் பெற்றோரிடம்.

பெரியோர்களே, இந்த விதிகள் கல்லில் வெட்டியவை இல்லை. 2020 ஜூலை 6-இல், கொரோனா காலத்தில், எல்லா வகுப்பும் இணையத்தில் நடந்தால் அயல்நாட்டு மாணவர் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்றார்கள். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் வழக்குத் தொடுத்தன. எட்டே நாளில் அதைக் கைவிட்டார்கள். 2025 மே 22-இல், அயல்நாட்டு மாணவரைச் சேர்க்கும் உரிமையையே ஹார்வர்டிடமிருந்து பறித்தார்கள். மறுநாளே நீதிமன்றம் தடுத்தது. 2025 ஆகஸ்டில் இன்னொரு முன்மொழிவு வந்தது. ஐ-94 பதிவில் டி/எஸ் என்று போடுவதை நிறுத்தி, அதிகபட்சம் நான்கு ஆண்டு என்று தேதி குறிப்பது. படிப்பு முடிந்தபின் தங்கும் 60 நாளை 30 நாளாகக் குறைப்பது. முனைவர் பட்டம் நான்கு ஆண்டில் முடிவது அரிது என்பதை ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் அறிவார்கள். தேதி முடிந்தால் மேலும் தங்கப் பல்கலைக்கழகத்தைக் கேட்டால் போதாது. அரசிடம் தனியே விண்ணப்பிக்க வேண்டும் என்றது அந்த முன்மொழிவு.

ஆகவே செக்-இன் நாளில் மாணவர் பதில் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடக் கூடாது. கேள்வியும் கேட்க வேண்டும். என் பதிவு எந்தத் தேதியில் ஆக்டிவ் ஆகும்? ஆனதும் எனக்கு எப்படித் தெரியும்? என் ஐ-94 பதிவில் இருப்பது டி/எஸ்ஸா, தேதியா? தேதி என்றால், அதற்கு எத்தனை மாதம் முன்னால் உங்களிடம் வர வேண்டும்? ஊருக்குப் போவதற்கு முன்பு ஐ-20 படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் பயணக் கையெழுத்து போட உங்களுக்கு எத்தனை நாள் ஆகும்? அவசரம் என்றால் இரவில் எந்த எண்ணில் கூப்பிடுவது? இந்த ஆறு கேள்விகளையும் இப்போதே கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோரும் குறித்துக்கொள்ளுங்கள், பிள்ளை போய்ச் சேர்ந்த வாரத்தில், சாப்பிட்டாயா என்று கேட்ட கையோடு இந்த ஆறுக்கும் பதில் கிடைத்ததா என்று கேளுங்கள்.